சாராயத்துக்கு மன்னிப்பு, கஞ்சாவுக்குப் பொலிஸ்: மலையகம் போதையை அளக்கும் விதம்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் செலவுக் கணக்கை யாராவது கொப்பித் தாளில் எழுதுவார்கள். கோடித்துணி, பூ, பெட்டி, பந்தல், தப்பு அடிக்கிறவர்களின் கூலி என்று போகும் அந்தக் கணக்கில் குழி வெட்டுகிறவர்களுக்கான சாராயமும் ஒரு வரியாக இருக்கும். அதை யாரும் ஒளித்து எழுதுவதில்லை. சாராயம் வராவிட்டால்தான் பேச்சு வரும்: "செத்தவருக்கு ஒரு மரியாத பண்ணலயே." அதே லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஒரு பையன் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு அப்பால் கஞ்சா பிடித்து அகப்பட்டான் என்று வையுங்கள். மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அதுதான் கதை. அக்காவுக்கு வந்த வரன் தட்டிப்போகும். கோயில் கமிட்டியில் அவன் அப்பாவின் குரல் இறங்கும். குடித்துவிட்டு வந்து அந்த அப்பாவே மனைவியை அடித்த இரவுகளில் அவர் குரல் ஒருநாளும் இறங்கியதில்லை.

இந்த இரண்டு தீர்ப்புகளும் எங்கிருந்து வந்தன? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையகத் தமிழர் சாராயத்தையும் கஞ்சாவையும் அவை செய்யும் கேட்டை வைத்து அளக்கவில்லை. எது அரசுக்கு வருமானம் தந்தது, எதற்குப் பொலிஸ் வந்தது, எது ஆண்கள் கூடும் இடத்தில் மரியாதையாக நீட்டப்பட்டது என்பதை வைத்தே அளந்தோம். அப்படி அளந்ததற்கான விலையைப் பெண்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். இப்போது பிள்ளைகளும் கொடுக்கிறார்கள்.

தோட்டங்கள் வருவதற்கு முந்திய மலைநாட்டில் நிலைமை வேறு. 1660இல் கண்டி இராச்சியத்தில் பிடிபட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் அங்கேயே கைதியாக வாழ்ந்து, 1679இல் தப்பிப்போன ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் தன் அனுபவங்களை எழுதினார். 1681இல் லண்டனில் அது அச்சானது. கெட்ட தண்ணீரைக் குடித்துக் காய்ச்சலில் கிடந்த தமக்கு ஒரு காய்ந்த இலையைப் பொடித்து, சக்கரையோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில் தின்பது மருந்தாக இருந்தது என்கிறார். பங்கா என்று அதற்குப் பெயர் தருகிறார். தலையைக் கொஞ்சம் சுற்றவைக்கும் என்றும் சொல்கிறார். அது கஞ்சா இலைதான். அவர் இலங்கையில் கண்டதைக் கேட்டறிந்த விஞ்ஞானி ரொபர்ட் ஹூக் 1689இல் லண்டனின் றோயல் சொசைட்டியில் அச்செடியைப் பற்றிப் பேசினார். கண்டி மக்கள் குடிவெறியை மிகவும் வெறுத்தவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் அங்கே அதிகமில்லை என்றும் நொக்ஸ் குறித்துவைத்திருக்கிறார். இந்த மலைகளில் ஒரு காலத்தில் இலை மருந்தாகவும் குடி இழிவாகவும் இருந்திருக்கிறது. இன்றைய நிலை அதன் நேர்மாறு.

மாறிய கதை கோப்பியோடு தொடங்குகிறது. 1815இல் கண்டி வீழ்ந்தது. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். தென்னிந்தியாவிலிருந்து எங்கள் முன்னோர் நடந்து வந்து சேர்ந்தார்கள். அவர்கள் சம்பளம் வாங்கத் தொடங்கிய இடங்களிலெல்லாம் சாராயக் கடையான தவறணையும் வந்து நின்றது. ஆங்கிலேய அரசு சாராயம் விற்கும் உரிமையைப் பகுதி பகுதியாக ஏலம் விட்டது. அதிக விலை கேட்டவருக்கு அந்தப் பகுதியின் சாராயக் குத்தகை. குத்தகைக்காரர் கொடுத்த பணத்தை எடுக்க வேண்டுமானால் விற்பனை கூட வேண்டும்; விற்பனை கூட வேண்டுமானால் தவறணை கூலியின் வழியில் இருக்க வேண்டும். கரையோரத்துத் தென்னங்கள்ளில் வடித்த சாராயம் வண்டியேறி மலைக்கு வந்தது. இந்தக் குத்தகையில் சேர்ந்த பணத்தில்தான் இலங்கையின் முதல் உள்நாட்டுப் பணக்காரக் குடும்பங்கள் பல எழுந்தன. மொரட்டுவை ஜெரோனிஸ் த சொய்சா சாராயக் குத்தகைக்காரராகவும் இருந்தார், ஹங்குரன்கெத்தையில் கோப்பித் தோட்ட முதலாளியாகவும் இருந்தார். தோட்டத்தில் கொடுத்த கூலி தவறணை வழியாகத் திரும்பிப் போகும் பாதை அன்றைக்கே போடப்பட்டுவிட்டது.

இதில் அரசின் பங்கை மறக்கக்கூடாது. சாராயம் அரசின் முதன்மையான வருமானங்களில் ஒன்றாக இருந்தது. கஞ்சாவில் அவ்வளவு பணம் இருக்கவில்லை. எங்கள் முன்னோர் வந்த சென்னை மாகாணத்திலும் கஞ்சா அப்போது தடை செய்யப்பட்ட பொருளல்ல. வரி கட்டி விற்ற பொருள். 1893, 1894ஆம் ஆண்டுகளில் இந்தியா முழுதும் விசாரித்த ஆங்கிலேய ஆணைக்குழு ஒன்று, அளவோடு பாவிப்பதால் பெரிய தீங்கு இல்லை, முழுத் தடை தேவையில்லை என்றே அறிக்கை கொடுத்தது. ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் கஞ்சா பண்டாரங்களும் சாமியார்களும் பிடிக்கும் பொருளாக, லேகியத்தில் சேரும் மருந்தாகத் தெரிந்திருக்கும். சித்த வைத்தியத்தில் அதைச் சிவமூலி என்றார்கள். குடும்பஸ்தன் தினம் தொடும் பொருளாக அது இருக்கவில்லை. பொலிஸைக் கூப்பிட வேண்டிய பொருளாகவும் இருக்கவில்லை.

இலங்கையில் 1912ஆம் ஆண்டு 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் சாராயத்தையும் கள்ளையும் அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தது. 1929ஆம் ஆண்டு 17ஆம் இலக்க நஞ்சுகள், அபினி, அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாவை அபினியோடு ஒரே கட்டில் சேர்த்தது. ஒன்றுக்கு வரி, மற்றதற்கு வழக்கு என்று அன்று பிரிந்த பாதைதான் இன்றுவரை. ஆயுர்வேத மருந்துக்கு மட்டும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. பொலிஸ் பிடித்த கஞ்சாவை நீதிமன்றத்தின் வழியாக ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனம் பெற்றுக்கொள்வதுண்டு.

சாராயத்துக்கு எதிராகப் போராட்டமே நடக்கவில்லையா? நடந்தது. 1904இலும் 1912இலும் சிங்கள பௌத்த மதுவிலக்கு இயக்கம் பெரிதாக எழுந்தது. அநகாரிக தர்மபால, சேனநாயக்க சகோதரர்கள் போன்றோர் அதில் முன்னின்றார்கள். சுதந்திரப் போராட்டத்தின் முதல் மேடையாகவும் அது ஆனது. ஆனால் அது பௌத்த விகாரையான பன்சலையைச் சுற்றி வளர்ந்த இயக்கம். லயத்துக்குள் அது வரவில்லை. தோட்டத் தொழிலாளரிடம் குடியை விடச் சொல்லி வந்த பெரிய குரல் 1927 நவம்பரில் காந்தியுடையது. இலங்கைப் பயணத்தில் மலைநாட்டுக்கும் வந்த அவர், தொழிலாளரிடம் பேசிய இடங்களில் இதையும் வற்புறுத்தினார். கேட்டார்கள், கைகூப்பினார்கள். ஆனால் தவறணை அதே இடத்தில்தான் இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களைப் பெருந்தொகையாக நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாத ஒரு சமூகம் தன் வாசலில் தவறணை வேண்டாம் என்று யாரிடம் போய்ச் சொல்லும்?

இப்படி ஏறத்தாழ 200 வருடம் பக்கத்திலேயே இருந்த பொருள் வாழ்க்கைக்குள் வேர்விட்டதில் வியப்பில்லை. முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் சாராயமும் சுருட்டும் வைக்கிறோம். தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரச் சக்கரமான ரோதையைக் காக்கும் ரோதமுனிக்கும் படையல் உண்டு. பிள்ளை பெற்றவளின் உடம்பு தேறப் பிராந்தி கொடுக்கும் வழக்கம் இருந்தது. சம்பந்தம் பேசப் போன இடத்திலும், கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்திலும், தேர்தல் காலத்தில் கட்சிக்காரர் வந்து போன பின்னும் போத்தல் திறக்கும். தீபாவளிக்கு முதல் நாள் ஹட்டன், தலவாக்கலை, பதுளை நகரங்களில் வைன் ஸ்டோர்ஸ் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தீபாவளி முற்பணத்தின் ஒரு பகுதி எங்கே போகிறதென்று விளக்கவேண்டியதில்லை.

பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் நாடு முழுதும் மதுக்கடைகள் மூடியிருக்கும். தைப்பூசம், மாசி மகம், சித்திராப் பௌர்ணமி எல்லாம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் எங்கள் திருவிழாக்கள் சிலவற்றுக்கும் அந்த மூடல் பொருந்திவிடுகிறது. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் அதற்கு அந்தக் காப்பு இல்லை. போயாவன்றும் லயத்தில் குடி நிற்பதில்லை. முந்தின நாளே வாங்கி அடுக்கிவைத்துக் கூடுதல் விலைக்கு விற்கிறவர் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனிலும் இருப்பார், அவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். சட்டப்படி அவர் செய்வது குற்றம். ஆனால் அவரைப் போதை வியாபாரி என்று யாரும் சொல்வதில்லை.

குளிர் என்ற காரணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இந்தக் குளிருக்கும் மழைக்கும் கொஞ்சம் போட்டாத்தான் ஒடம்பு தாங்கும்" என்பதைத் தோட்ட மேலாளர்களான துரைமாரும் சொன்னார்கள், நாமும் சொல்கிறோம். மருத்துவம் வேறு சொல்கிறது. மது தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதனால் சூடு ஏறியதுபோல் தோன்றும். உண்மையில் உடம்பின் சூடு அந்தத் தோல் வழியாக வெளியே போய், உள்வெப்பம் குறைகிறது. நனைந்த உடையோடு மலையில் நிற்கிறவருக்கு அது ஆபத்து. அட்டைக்கடியோடும் மழையோடும் நாள் முழுதும் கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்ணுக்கு அதே குளிர்தான், அவள் கூடையின் பாரம் கூடுதல். அவளுக்குத் தேத்தண்ணி போதும் என்றால் அவனுக்கும் போதும்.

கஞ்சாவின் இடத்துக்கு வருவோம். மலைநாட்டில் இன்று விற்கும் கஞ்சா பெரும்பாலும் வேறிடத்தில் விளைவது. மொனராகலை, அம்பாறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களில் காட்டை வெட்டிப் பயிரிடும் சேனைகளில் விளைந்து வெல்லவாய வழியாக ஏறி வருவது ஒன்று. பாக்கு நீரிணையைக் கடந்து வடக்கே இறங்கும் கேரள கஞ்சா இன்னொன்று. வீட்டு முற்றத்தில் செடியாகப் பார்த்து, கைமருந்தாக அறிந்த தலைமுறை போய்விட்டது. இன்றைய மலையகத் தாய் கஞ்சாவைப் பார்ப்பது தொலைக்காட்சிச் செய்தியில், மேசையில் பரப்பிய பொட்டலங்களாக, பக்கத்தில் தலைகுனிந்து நிற்கும் இளைஞர்களோடு. டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை நீளும் சிவனொளிபாத மலைப் பருவத்தில் ஹட்டன் வழியாகப் போகும் இளைஞர் கூட்டங்களைப் பொலிஸார் மோப்ப நாய்களோடு நிறுத்திச் சோதிப்பதும், சில கிராம் கஞ்சாவுடன் கைது செய்வதும் ஆண்டுதோறும் வரும் செய்தி. அதே வண்டியில் பியர் இருந்தால் செய்தியாகாது.

இந்தப் பார்வையில் கஞ்சாவுக்கும் ஹெரோயினுக்கும் ஐஸ் எனும் இரசாயனப் போதைக்கும் வேற்றுமை இல்லாமல் போகிறது. கஞ்சா பிடித்த பையனையும் லயத்தில் ஹெரோயின் பாவிப்பவனுக்கு வைத்த "குடுகாரன்" என்ற பெயராலேயே கூப்பிடுகிறார்கள். 2023 டிசம்பரில் யுக்திய என்ற பெயரில் பொலிஸ் தொடங்கிய பெரும் நடவடிக்கையில் நாடு முழுதும் ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். அந்த எண்ணிக்கைகளுக்குள் சில கிராம் கஞ்சாவோடு பிடிபட்டவர்களும் அடங்குகிறார்கள். நாட்டில் சிறைக்குப் போகிறவர்களில் பெரும் பங்கினர் போதைப்பொருள் குற்றங்களுக்காகப் போகிறவர்கள். தோட்டத்துப் பையனுக்கு இதன் பொருள் மிக நேரடியானது. அவனுடைய எதிர்காலம் கொழும்பில் ஒரு கடை வேலை, அல்லது மத்திய கிழக்கில் ஒரு வேலை. வெளிநாட்டுக்குப் போகப் பொலிஸ் நற்சான்று வேண்டும். ஒரு சுருளுக்காகப் பதிவான வழக்கு அந்தக் கதவில் குறுக்கே நிற்கும். அப்பாவின் 30 ஆண்டுக் குடிக்கு எந்த அலுவலகத்திலும் பதிவு இல்லை.

இதைச் சொல்லும்போது ஒரு தப்பான பக்கத்தில் போய் நிற்கக் கூடாது. "கஞ்சா இயற்கை, மூலிகை, அடிச்சா யாரையும் அடிக்கமாட்டோம்" என்று இளைஞர்கள் பேசுவதைக் கேட்கிறேன். பாதி உண்மை. கஞ்சா மயக்கத்தில் ஒருவன் வீட்டுக் கதவை உதைப்பது அரிது. சாராய வெறியில் அது அடிக்கடி. ஆனால் பாவிக்கிறவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் கஞ்சாவை விடமுடியாத நிலைக்குப் போகிறார்கள். பதின்வயதில் தொடங்கினால் அந்தப் பங்கு இன்னும் கூடும். வளர்ந்து முடியாத மூளையில் அது ஞாபகத்தையும் கவனத்தையும் தொடும். குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கு, இல்லாத குரல்கள் கேட்கும் நிலைக்கு அது தள்ளிவிடலாம். சாதாரணதர வகுப்பில் இருக்கும் பிள்ளை, பள்ளிக்கூடத்தை விட்டால் தோட்ட வேலைக்கு மலைக்குத்தான் போகவேண்டியிருக்கும் பிள்ளை, இரண்டு வருடம் மந்தமாக இருந்தால் அந்த இரண்டு வருடம் திரும்பி வராது. இங்கே கஞ்சாவைப் பெரும்பாலும் புகையிலையோடு கலந்தே பிடிக்கிறார்கள் என்பதால் சிகரெட்டின் கேடும் கூடவே வருகிறது.

மதுவின் பக்கம் எடைபோட்டால் பாரம் வேறு அளவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988லேயே மதுவை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்தது. 2019இல் உலகெங்கும் 26 இலட்சம் சாவுகளுக்கு மது காரணம் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. ஈரல் சுருங்குவது, வீதி விபத்து, தற்கொலை, அடிதடி எல்லாம் அதில் சேரும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது, ஆளை அடையாளம் தெரியாமல் உளறுவது. காலுடைந்து ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கு மூன்றாம் நாள் இப்படி ஆகும்போது பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியைத் தேடுகிறார்கள். அது குடி நின்றதால் வந்த நோய், மருந்துக்குக் கேட்கும். மாலை போட்டு விரதம் இருக்க முடிவெடுக்கும் கடும் குடிகாரர்களும் அவர்கள் வீட்டாரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். டொக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துவதில் ஐயப்பனுக்குக் குறை ஏதுமில்லை.

மாலை என்றதும் இதையும் சொல்லவேண்டும். மலையகத்தில் ஐயப்பனுக்கு மாலை போடுவது கடந்த சில பத்தாண்டுகளில் மிகவும் பெருகியிருக்கிறது. ஒரு மண்டலம் குடி இல்லை, கை ஓங்குவதில்லை, விடியலில் குளியல். "அந்த நாள்லதான் புள்ளைக அப்பாகிட்ட போய்க் குந்தும்" என்று ஒரு அக்கா சொன்னதைக் கேட்டிருக்கிறேன். குடி வீட்டுக்கு என்ன செய்கிறது என்பது எங்கள் சமூகத்துக்குத் தெரியாமல் இல்லை. சாமிக்குப் பயந்து ஒரு மண்டலம் நிறுத்தத் தெரிந்தவர்கள், மனைவி அழுதபோது நிறுத்தவில்லை. மாலை கழற்றும் நாளில் கூட்டாளிகள் போத்தலோடு காத்திருப்பார்கள், அதையும் வழக்கம் என்கிறோம்.

பெண்களின் கணக்குதான் இந்த விஷயத்தில் எனக்குச் சரியான கணக்காகப் படுகிறது. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாவானது. அப்போதே ஒரு முழுப் போத்தல் சாராயம் 3000 ரூபாவைத் தாண்டியிருந்தது. கால் போத்தலுக்கே ஒரு நாள் பேரின், அதாவது ஒரு நாள் கூலியின், பெரும்பகுதி போனது. புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவு ஆய்வுகளில் மதுவுக்கும் புகையிலைக்குமான பங்கு நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டத்துறையில் கூடுதலாகவே வந்திருக்கிறது. 2015இல் நாடளாவிய சுகாதார ஆய்வில் ஆண்களில் மூன்றில் ஒருவர் குடிப்பதாகச் சொன்னார். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. செலவழிப்பவர் ஒருவர், ஈடுகட்டுபவர் இன்னொருவர். 2019ஆம் ஆண்டின் பெண்கள் நல்வாழ்வு ஆய்வு, நாட்டில் ஐந்தில் ஒரு பெண் வாழ்நாளில் துணைவனின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகக் காட்டியது. எல்லா அடியையும் சாராயம் அடிப்பதில்லை. குடிக்காத ஆணும் அடிக்கிறான். ஆனால் அடித்த மறுநாள் "வெறியில தெரியாம பண்ணிட்டான், விடு புள்ள" என்று மாமியாரும் தோட்டத் தலைவரும் சேர்ந்து சொல்வதற்குச் சாராயம் ஒரு சாக்காக இருக்கிறது. கஞ்சா அடித்தவனுக்கு அந்தச் சாக்கு யாரும் கொடுப்பதில்லை. ஒரே போதை நிலை ஒருவனின் குற்றத்தைக் குறைக்கிறது, மற்றவனின் குற்றத்தைக் கூட்டுகிறது.

பெண்ணே குடித்தால்? முன்பு வயசான ஆயாமார் சிலர் உடம்பு அலுப்புக்கு என்று இரவில் கொஞ்சம் குடிப்பது வெளிப்படையாகவே நடந்தது. இளம் பெண் செய்தால் அவள் பெயர் அன்றோடு முடிந்தது. பெண்கள் மது வாங்கக் கூடாது என்ற தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் செய்தார். குடிக்காத பெண்களைக் காப்பாற்ற அவ்வளவு வேகம் காட்டிய அரசு, குடிக்கும் ஆண்களிடமிருந்து பெண்களைக் காப்பதில் அந்த வேகத்தைக் காட்டவில்லை.

அதேநேரம், "தோட்டத்தான் என்றால் குடிகாரன்" என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. சம்பள உயர்வு கேட்கும் ஒவ்வொரு முறையும், கூட்டிக் கொடுத்தால் குடித்துத்தான் தீர்ப்பார்கள் என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நுவரெலியாவின் ஏப்ரல் வசந்த காலத்தில் வெளியூர்க்காரர் குடிப்பது கொண்டாட்டம். லயத்தில் குடிப்பது ஒழுக்கக்கேடு. இந்நாட்டின் பெயர்பெற்ற பியர் 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவின் குளிர்ந்த ஊற்று நீரில்தான் முதலில் காய்ச்சப்பட்டது என்பதைச் சுற்றுலாக்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். பத்தடிக் காம்பராவுக்குள் ஒரு குடும்பம் முழுதும் இருக்கும்போது ஒருவர் குடிப்பது எல்லோர் கண்ணிலும் படும், எல்லோர் காதிலும் விழும். மேல்மாடி வீட்டுக்காரர் குடிப்பதற்குக் கதவு இருக்கிறது. எங்கள் குடியைக் குறைத்துச் சொல்லவில்லை. அதைக் காட்டிக் கூலியைக் குறைக்க வராதீர்கள் என்கிறேன்.

விலை கூடினால் குடி குறையும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் மலையகத்தில் பக்கத்திலேயே கள்ளச்சாராயமான கசிப்பு இருக்கிறது. 2022 நெருக்கடிக்குப் பின் மதுவரி பலமுறை ஏறியபோது, கால் போத்தலுக்கு வழியில்லாதவர்கள் பலர் அந்தப் பக்கம் போனார்கள். சீனியும் ஈஸ்டும் இன்னும் கையில் கிடைப்பதெல்லாமும் போட்டு ஊறவைத்த கோடா பரல்கள் தேயிலைக்கு மேலே உள்ள காட்டில், ஆற்றோரத்தில் இருக்கும். அதில் என்னென்ன சேர்கிறது என்று குடிப்பவருக்குத் தெரியாது. கித்துள் கள்ளு இறக்கும் பழைய தொழில் சிங்களக் கிராமங்களில் தொடர்கிறது. சாராயத்தைவிட மென்மையான அது தோட்டத்தில் பழைய ஆட்களின் நினைவாகச் சுருங்கிவிட்டது.

அரசின் கை எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். மதுவரித் திணைக்களம் ஆண்டுக்கு 100 பில்லியன் ரூபாவுக்கு மேல் திறைசேரிக்குக் கொண்டுவருகிறது. 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடுத்தது, 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாதென்றது, நல்ல சட்டம். ஆனால் அப்பாவுக்குப் போத்தல் வாங்கி வர அனுப்பப்படும் 15 வயதுப் பையனைத் தோட்டத்துக் கடைக்காரர் திருப்பி அனுப்புவதில்லை. 2024இல் மட்டும் 300க்கும் மேற்பட்ட புதிய மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டதை அவ்வாண்டு டிசம்பரில் அரசே பாராளுமன்றத்தில் வெளியிட்டது. தங்கள் ஊரில் புதிதாக மதுக்கடை திறக்கும்போதெல்லாம் மலையகப் பெண்கள் பதாகையோடு வீதியில் இறங்குகிறார்கள். கஞ்சாவின் பக்கமும் கணக்கு மாறுகிறது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தது. இலங்கையின் 2023ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராய்வது பற்றிப் பேசப்பட்டது. 2025இல் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு ஏற்றுமதிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வழிவிடப்பட்டது. டொலர் கொண்டுவரும்போது அது பயிர், தோட்டத்துப் பையனின் சட்டைப்பையில் இருக்கும்போது அது குற்றம் என்ற நிலையில், அவனுக்கு நாம் சொல்லும் அறிவுரையை அவன் ஏன் நம்ப வேண்டும்?

கஞ்சாவைக் கடையில் விற்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாராயத்தை அப்படி விற்று என்ன ஆனது என்பதை 200 வருடமாகப் பார்க்கிறோம். நான் கேட்பது இரண்டையும் ஒரே தராசில் வைப்பதை. சில கிராமோடு பிடிபட்ட பிள்ளையை முதல் தடவையே நீதிமன்றத்துக்கு இழுப்பதற்குப் பதிலாக ஆலோசகரிடம் அனுப்பும் வழி வேண்டும். 1984இல் அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குச் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் மஸ்கெலியாவிலிருந்தோ இராகலையிலிருந்தோ ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு போக ஒரு நாள் பேரும் பஸ் காசும் போகும், போன இடத்தில் தமிழில் பேச ஆள் இருக்கவேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரசர் பார்க்கிறார்கள், சீனி பார்க்கிறார்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு மாத்திரையும் வேண்டாம், கருவியும் வேண்டாம். கிராம சுகாதாரத் தாதியிடம், சங்கத் தலைவரிடம், கோயில் கமிட்டியிடம் இதைத்தான் முதலில் கேட்கவேண்டியிருக்கிறது: அடுத்த சாவு வீட்டின் செலவுத் தாளில் சாராயத்துக்கு எழுதும் தொகையை, செத்தவரின் பிள்ளைகளின் பெயரில் எழுத முடியுமா?